நிற்கும் படமும் ஓடும் படமும்: எமது பிள்ளைகளின் காதற்கதைகளைப் படமாக்குதல் பற்றி

கடந்த ஆண்டு ஆவணியில், டூயிஸ்பேர்க் நகரின் பழைய இரும்பாலை வளவுக்குள், ஒரு மாலைப்பொழுது முழுவதும் வட்டமான வெள்ளித் துணித்தட்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். சூரிய வெளிச்சத்தை வாங்கி முகத்திற் திருப்பிவிடுவதற்கான தட்டு அது. முகங்கள் என் மகளுடையதும் அவள் மணம்முடிக்கவிருக்கும் பையனுடையதும். கமெராக்காரத் தம்பிக்கு அன்று உதவியாள் வரவில்லை. காரோட்டிப் போன நான் அகப்பட்டுக்கொண்டேன். 1985இல் மூடப்பட்டு 1994இல் பூங்காவாகத் திறக்கப்பட்ட அந்த ஆலையின் ஊதுலைகளுக்கு முன்னால் இருவரும் கைகோர்த்து நடந்தார்கள், நின்றார்கள், திரும்பவும் நடந்தார்கள். அதே கிழமையில் நான் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையொன்றில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். தொழிலாளர் எல்லாரும் போன பிறகுதான் தொழிற்சாலை அழகாகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன், மகளிடம் சொல்லவில்லை.

நிச்சயமான சோடிகளின் 'காதற்கதை'யைப் புகைப்படமாகவும் வீடியோவாகவும் ஒன்றாக எடுக்கும் இந்த வழக்கம் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பரொருவர் "உந்தக் குப்பையைப் பற்றி எழுத என்ன கிடக்கு?" என்றார். நுகர்வுப் பண்பாடு என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டுப் போகலாம்தான். ஆனால் எமது வீடுகளிற் பலவற்றில் நடக்கும் ஒன்றை அந்தச் சொல் விளக்குவதில்லை. பியர் பூர்தியூ 1965இல் தன் சகாக்களுடன் சேர்ந்து பிரெஞ்சுக் குடும்பங்களின் சாதாரணப் புகைப்படப் பழக்கத்தை ஒரு நூலாகவே எழுதினார். குடும்பம் தன்னைத்தானே ஒன்றெனக் காட்டிக்கொள்ளும் சடங்காகப் படமெடுத்தலை அவர் கண்டார். அந்தளவு மரியாதையை நாமும் எமது சனங்களின் படங்களுக்குக் கொடுக்கலாம்.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கலியாணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னர், இருவரையும் ஓரிரு நாட்கள் வெளியிடங்களுக்குக் கூட்டிப்போய் எடுப்பது. இரண்டு விளைபொருட்கள் வரும்: ஒரு படத்தொகுப்பு, நான்கைந்து நிமிட ஓடும் படம். இருவரும் எங்கே கண்டார்கள், எப்படிப் பழகினார்கள் என்பதைப் பின்னணிக் குரலில் சொல்வார்கள். கலியாண மண்டபத்தில், மாப்பிள்ளை பெண் உடைமாற்றப் போன இடைவெளியில், திரையிற் போடுவார்கள். இதன் ஊற்று கிழக்காசியா. தாய்வானில் மணமக்களைக் கலியாணத்துக்கு முன்பே எடுத்துப் பெரும் தொகுப்பாக்கும் தொழிலைப் பற்றி பொனி ஏட்ரியன் என்ற மானுடவியலாளர் 2003இலேயே ஒரு நூல் வெளியிட்டார். எமக்கு இது இந்தியாவைச் சுற்றி, சினிமாப் பாட்டுக் காட்சியின் சாயலையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

ஆயினும் எமக்குப் படத்துக்கும் கலியாணத்துக்குமான உறவு புதிதல்ல. எமது தலைமுறையிற் பலருக்குக் கலியாணமே புகைப்படத்தால் நடந்தது. பொடியன் இங்கே அகதி முகாமில், பெட்டை கொழும்பில் லொட்ஜில், குறிப்பும் படமும் தபாலில். நான் 1998இல் அனுப்பிய படத்தில் ஒரு மேர்சிடஸ் காரின் கதவிற் கைவைத்தபடி நிற்கிறேன். கார் யாருடையதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெருவில் நின்றது. மனைவி அனுப்பிய படத்தில் அவளுக்குப் பின்னால் சுவிஸ் மலையும் ஏரியும் தீட்டிய ஸ்ரூடியோத் திரை. ஆக நான் இல்லாத காரையும் அவள் காணாத மலையையும் பரிமாறிக்கொண்டுதான் குடும்பமானோம். இன்று வாடகைக் காரோடு மோசல் ஆற்றங்கரைக் கோட்டையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்க எமக்குப் பெரிய தகுதியில்லை.

பிறகு வீடியோ கசெற் வந்தது. ஊருக்குத் திரும்ப முடியாத அகதிக் கடவுச்சீட்டோடு இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ தாலி கட்டி, அந்த மூன்று மணித்தியாலக் கசெற்றை உறவுகளுக்கெல்லாம் பிரதி எடுத்து அனுப்பினோம். ஜேர்மனியில் எடுத்த கசெற் கனடாவில் ஓடாது. இங்கே 'பால்' முறை, ஒரு விநாடிக்கு 25 சட்டகம், 625 வரி; அங்கே 'என்டிஎஸ்சி', ஏறத்தாழ 30 சட்டகம், 525 வரி. மாற்றிக்கொடுக்கும் கடைக்குக் காசு கட்ட வேண்டும். என் தமக்கை ரொறன்ரோவில் என் கலியாணத்தை ஓராண்டு கழித்துத்தான் பார்த்தாள். அந்தக் கசெற்றுகளில் காதல் என்று ஒரு கணமும் கிடையாது. பொன்னுருக்கு, முகூர்த்தம், பந்தி, மொய் எழுதுபவர். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்ப்பதேயில்லை. சபையைப் பதிவுசெய்யும் படம் அது. இன்றைய காதற்கதைப் படத்தில் சபையே இல்லை. உலகத்தில் இரண்டு பேர் மட்டும். எங்கிருந்து எங்கு வந்தோம் என்பதை இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே விளங்கும்.

இனித் தொழில்நுட்பம். ஒருகாலத்திற் பௌதிகம் படிப்பித்தவன் என்பதால் இந்த இடத்திற் கொஞ்சம் நின்று போக வாசகர் பொறுக்க வேண்டும்.

2008 வரை புகைப்படக் கமெராவும் வீடியோக் கமெராவும் வேறு வேறு கருவிகள், வேறு வேறு ஆட்கள். அந்த ஆண்டு நிக்கொன் டி90, கனொன் 5டி மார்க் 2 ஆகிய இரண்டும் வந்தன. புகைப்படக் கமெராவே வீடியோவும் எடுத்தது. பெரிய உணரி, மாற்றக்கூடிய வில்லை, பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்கும் சினிமாத் தோற்றம், அதுவும் ஒரு தம்பி சேமித்து வாங்கக்கூடிய விலையில். காதற்கதைப் படம் என்ற தொழில் தழைத்ததற்கு இந்தக் கருவி ஒரு பொருளாதாரக் காரணம். ஆனால் கருவி ஒன்றாகியதால் வேலை ஒன்றாகிவிடவில்லை.

வீடியோ விநாடிக்கு 25 சட்டகமென்றால், ஒவ்வொரு சட்டகத்துக்கும் மூடி ஏறத்தாழ 1/50 விநாடி திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் அசையும் கை சற்று இழுபட்டுப் பதியும். இந்த இழுபாட்டைத்தான் கண் 'ஓட்டம்' என்று வாசிக்கிறது. புகைப்படத்துக்கோ நடக்கும் ஆளை வெட்டினாற்போல் நிறுத்த 1/250 அல்லது அதிலும் குறைந்த நேரம் வேண்டும். அந்த வேகத்தில் வீடியோ எடுத்தால் சட்டகம் ஒவ்வொன்றும் கூர்மையாக இருக்கும். ஓடவிட்டாற் துள்ளித் துள்ளி நடக்கும். ஒன்றுக்கு நல்லது மற்றதற்குக் கெடுதல். 1/50 என்பது 1/250ஐவிட ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆகவே வெயிலில் வீடியோவுக்கு வில்லையின் முன்னாற் சாம்பல் வடிகண்ணாடி பூட்டவேண்டும். புகைப்படத்துக்கு அதைக் கழற்றவேண்டும். அன்று அந்தத் தம்பி இதைக் கழற்றிப் பூட்டியே களைத்துப்போனான்.

மண்டபத்துக்குள் வேறு சிக்கல். இங்கு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. பழைய குழல்விளக்கும் மலிவான எல்ஈடியும் 100 தடவை துடிக்கும். 1/50 விநாடிக்குள் சரியாக இரண்டு துடிப்பு அடங்குவதால் எல்லாச் சட்டகத்துக்கும் ஒரே வெளிச்சம் கிடைக்கும். 1/125 என்று வைத்தால் ஒரு முழுத் துடிப்புக்கூட அடங்காது, படம் மினுங்கும். எமது தொழிற்சாலையிற் கடைசல் பொறிக்குமேலே அத்தகைய விளக்குப் போடக்கூடாதென்பது விதி. சுழலும் தண்டு அந்தத் துடிப்பில் நிற்பதுபோலத் தெரியும். நிற்கிறதென்று கைவைத்தவன் விரலை இழப்பான். நிற்பதும் ஓடுவதும் வெளிச்சத்தின் ஏற்பாடு என்பதை ஒரு கடைசற்காரனுக்கு விளக்கத் தேவையில்லை.

"பிறகேன் இரண்டு? வீடியோவிலிருந்தே படத்தை வெட்டி எடுக்கலாமே" என்று கேட்கிறார்கள். 4கே சட்டகத்தில் 83 இலட்சம் புள்ளிகள், 8கேயில் 3 கோடி 30 இலட்சம். புள்ளிக்குக் குறையில்லை. ஆனால் மேலே சொன்ன இழுபாடு அப்படியே இருக்கும். நிறமும் அழுத்திச் சுருக்கப்பட்டிருக்கும். அதைவிட முக்கியம், எடுக்கப்படுபவரின் உடம்பு. புகைப்படக்காரர் 'நில்' என்கிறார், வீடியோக்காரர் 'நட' என்கிறார். நில் என்றவுடன் ஒருவர் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்கிறார். தான் எப்படித் தெரிய விரும்புகிறாரோ அதுவாகிறார். வால்ரர் பென்யமின் 1931இல் எழுதிய புகைப்படச் சிறு வரலாற்றில், ஆதிகாலப் படங்களுக்கு நெடுநேரம் அசையாதிருக்கவேண்டியிருந்ததால் மனிதர் அந்தப் படத்துக்குள்ளேயே வளர்ந்தார்கள் என்ற கருத்தைச் சொல்கிறார். நட என்றாலோ தன்னைக் காக்க நேரமில்லை. அதனாற்தான் அனுபவசாலிகள் சோடிக்கு வெறுமனே நட என்னாமல் ஏதாவது வேலை கொடுக்கிறார்கள்: தேத்தண்ணி ஊற்று, வழி கேள், அவன் சால்வையைச் சரிசெய். வேலை நடக்கும்போது வீடியோ. வேலை முடிந்து கை ஓயும் அந்தக் கணத்திற் புகைப்படம். இருவர் எடுத்தால் ஒருவர் தூர வில்லையோடு பின்னுக்கும் மற்றவர் கிட்டவும் நிற்கவேண்டும். இல்லாவிடில் ஒருவர் மற்றவரின் படத்துக்குள் வருவார். பிளாஷ் அறவே கூடாது. அது வீடியோவில் ஒரு சட்டகத்தின் பாதியை வெள்ளையடித்துவிடும்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக. பின்னணிக் குரல் தனியே, அமைதியான அறையிற் பதியப்படுகிறது. இங்கேதான் எமது பிள்ளைகளின் மொழிச்சிக்கல் வெளிப்படும். அவர்கள் காதலித்தது டொச்சில். 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று தமிழிற் சினிமாவுக்கு வெளியே ஒருவரும் சொல்வதில்லை, ஊரிலும் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்து அம்மம்மாவுக்காகத் தமிழிற் சொல்லச் சொன்னால் எழுதி வைத்து வாசிக்கிறார்கள், குரல் செத்துப்போகிறது. டொச்சில் விட்டுவிட்டுக் கீழே தமிழ் எழுத்துப் போடுவதே மேல். பாட்டுக்கும் எச்சரிக்கை: உரிமை பெறாத சினிமாப் பாட்டைச் சேர்த்து வலையில் ஏற்றினால் ஒலியை நிறுத்திவிடுவார்கள்.

ஓடும் படத்துக்குள் நிற்கும் படத்தை வைப்பதுதான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்த விடயம். பெரும்பாலானோர் இதை அலங்காரமாகச் செய்கிறார்கள்: குழந்தைப்படம், பள்ளிப்படம், அதன்மேல் கமெரா மெல்ல ஊர்வது, வயலின். இந்த ஊர்தல் முறையை அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய 1990ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரிற் கென் பேர்ன்ஸ் பிரபலமாக்கியதால் அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. கனேடியத் திரைப்படச் சபையின் 'சிற்றி ஒவ் கோல்ட்' என்ற 1957ஆம் ஆண்டுப் படத்திலேயே அது இருந்தது. மறுகோடியில் கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெதே', 1962. ஏறத்தாழ 28 நிமிடம், முழுவதும் நிற்கும் படங்கள். ஒரேயொரு இடத்தில் மட்டும், தூங்கும் பெண் கண்விழித்து இமைக்கிறாள், படம் அசைகிறது. அதுவும் ஒரு காதற்கதையே. அசைவை அவ்வளவு சிக்கனமாக வைத்திருந்ததால் அந்த இமைப்பு எடை பெறுகிறது. எமது தம்பிமார் ஒருமுறையாவது இதைப் பார்க்கவேண்டும். ட்ரோன் வாங்க முன்னரே பார்த்தால் நல்லது.

ஓடும் படம் எப்போதும் அடுத்ததை நோக்கிப் போகிறது. கதை சொல்ல வசதியானது, ஆகவே பொய் சொல்லவும் வசதியானது. பழைய புகைப்படம் கதையை மறிக்கிறது. 'இது இருந்தது' என்று மட்டும் அது சொல்கிறது என்பார் ரோலன் பார்த். அவர் 1980இல் வெளியிட்ட நூலின் இரண்டாம் பகுதி இறந்துபோன தாயின் ஒரு படத்தைச் சுற்றியே எழுதப்பட்டது. அந்தப் படத்தை மட்டும் அவர் நூலில் அச்சிடவில்லை.

சட்டத்தையும் சொல்லவேண்டும். பிஸ்மார்க் 1898இல் இறந்தபோது இரண்டு படக்காரர் அறைக்குட் புகுந்து பிணத்தை எடுத்துவிட, அந்த வழக்கின் தொடர்ச்சியாக 1907இல் வந்த சட்டம், ஒருவரின் படத்தை அவர் சம்மதமின்றி வெளியிடக்கூடாதென்கிறது. இன்றும் அது நடைமுறையிலுள்ளது. நிச்சயம் குழம்பினால்? ஜேர்மன் உச்ச நீதிமன்றம் 2015 ஒக்ரோபரில், உறவு முறிந்தபின் ஒருவர் கேட்டால் அந்தரங்கப் படங்களை மற்றவர் அழிக்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. சாதாரணப் படங்களுக்கு அந்தக் கடமை இல்லை. எமது காதற்கதைப் படங்கள் இந்த இரண்டாம் வகைக்குள்தான் விழும். ஆகவே யாரிடம் மூலப்பிரதி, எவ்வளவு காலம், படக்காரர் தன் விளம்பரத்துக்குப் போடலாமா என்பதையெல்லாம் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். இன்னொரு பயன்பாடும் உண்டு. ஊரிலிருந்து துணையைக் கூப்பிடுபவர்கள், போலிக் கலியாணமல்ல என்று காட்ட இந்தப் படங்களை விசா விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். 2007 முதல் வருபவர் அடிப்படை டொச்சும் கற்றிருக்கவேண்டும். காதலையும் வினைச்சொற் திரிபையும் ஒரே கோப்பில் நிரூபிக்கும் காலம்.

இனி என் விடயம்.

படத்துக்காகப் பெற்றோரையும் பேட்டி எடுத்தார்கள். "மகள் சொன்னவுடன் நீங்கள் என்ன சொன்னீர்கள் அங்கிள்?" என்று தம்பி கேட்டான். "நாங்கள் உடனே ஓமெண்டு சொல்லிப்போட்டம். பிள்ளையின்ர சந்தோசம்தானே" என்று கமெராவைப் பார்த்துச் சொன்னேன். குரல் நன்றாக வந்ததென்றான்.

உண்மை வேறு. அவள் 2022 வைகாசியிற் சொன்னாள். அந்தக் கிழமையே கொழும்பிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் தொலைபேசிகள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: "அவை எங்கட ஆக்களோ?" இல்லை என்பது ஊர்ப்பெயரிலேயே தெரிந்துவிட்டது. இப்படியான சஞ்சிகைகளிற் சாதியம் பற்றி இரண்டு கட்டுரை எழுதியவன் நான். அவளிடம் 'முடியாது' என்று சொல்லவில்லை. "படிப்பு முடியட்டும், பிறகு பாப்பம்" என்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது. உடுப்புப் பெட்டியோடு போக்கூமில் ஒரு சினேகிதியின் அறைக்குப் போனாள். எட்டு மாதம் வீட்டுப்பக்கம் வரவில்லை.

படத்தின் முதல் வடிவம் பங்குனியில் வந்தது. அந்தத் தம்பி பிள்ளைகளின் தொலைபேசிப் படங்களை வாங்கி, கோப்புக்குள் பதிவாகியிருக்கும் திகதிப்படி அடுக்கியிருக்கிறான். தொகுப்பு மென்பொருள் அதைத் தானாகவே செய்யும். என் குரல் 'உடனே ஓமெண்டு' என்று சொல்லும் இடத்தில், அந்த ஒழுங்கின்படி, ஒரு படம் வந்து விழுந்திருக்கிறது. புகையிரத நிலைய மேடை. மகள் தன் பெட்டிமேலே இருந்து பாண் துண்டொன்றைச் சாப்பிடுகிறாள். குளிர் அங்கி. பின்னால் மணிக்கூடும் திகதிப் பலகையும்: 24 டிசம்பர். ஊரெல்லாம் வீட்டுக்குப் போகிற நாள். பையன் எடுத்தது. அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

தம்பிக்கு ஒன்றும் தெரியாது. நல்ல படம், 'இயல்பாக' இருக்கிறது, அதனாற் போட்டேன் என்றான்.

மகள் தொலைபேசி எடுத்தாள். "அப்பா, பாத்தனீங்களோ?"

"பாத்தன்."

"என்ன செய்வம்?"

என் முதல் எண்ணம், குரலைத் திரும்பப் பதிந்து உண்மையைச் சொல்லிவிடுவது. எட்டு மாதம் மறுத்தேன், காரணம் இது, வெட்கப்படுகிறேன் என்று. எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. மனைவி மறித்தாள். வழமைபோல் சபைக்குப் பயப்படுகிறாள் என்றே முதலில் எண்ணினேன். அவள் சொன்னது வேறு: "முன்வரிசையில ஆர் இருக்கப்போகினம்? அந்தப் பிள்ளையின்ர தாய் தகப்பன். நீங்கள் உங்கட வெக்கத்தைச் சொல்லேக்க, மண்டபத்தில இருக்கிற நானூறு பேருக்கும் அவையள் ஆர் எண்டுதான் சொல்லுறியள்." இதற்கு என்னிடம் பதிலில்லை. சாதியத்துக்கு எதிரான என் ஒப்புதல்வாக்குமூலம் அவர்களது செலவில் நடக்கவிருந்தது. கட்டுரைகளிலும் இதைத்தான் செய்திருந்தேனோ என்று யோசிக்கிறேன்.

படத்தைத் தூக்கிவிடலாம் என்றும் சொல்லிப்பார்த்தேன். மகள் சம்மதிக்கவில்லை. "அது எங்கட கதை அப்பா. உங்கட குரலைத்தான் தூக்கவேணும்." குரலைத் தூக்கியாயிற்று. இப்போது அந்த இடத்தில் இசையில்லை, பேச்சில்லை, ஊர்தலும் இல்லை. மேடைப்படம் ஆறு விநாடி அப்படியே நிற்கிறது. அதன் பின்னர் மகள் டொச்சில் 'எட்டு மாதம்' என்று மட்டும் சொல்கிறாள். அதையும் பையனின் பெற்றோர் பார்த்துச் சரியென்ற பிறகே மண்டபத்திற் போடுவதென்பது பையனின் நிபந்தனை. அவர்கள் ஏன் எட்டு மாதம் என்று கேட்டால் நேரே சொல்லவேண்டியவன் நான். அவன் ஒருபோதும் வீட்டிற் சொல்லவில்லையாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போகிறோம். மடிக்கணினியையும் கொண்டுபோகிறேன்.